40 மைக்ரான் பளபளப்பு: காரின் பெயின்ட்டை வீட்டிலேயே காப்பது எப்படி?

கறுப்பு நிறக் கார் ஒன்று வெயிலில் நிற்கும்போது, அதன் பானெட்டில் சூரியன் பளிச்சிடும் இடத்தை உற்றுப் பாருங்கள். அந்த ஒளிப்புள்ளியைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும். வெள்ளை, சில்வர் கார்களிலும் இவை உண்டு. சட்டென்று கண்ணில் படாது, அவ்வளவுதான். கல் தெறித்தோ பைக் உரசியோ வந்த கீறல்கள் என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். இவை கார் முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்கும். காரணம், இவை துடைத்துத் துடைத்தே வந்தவை.

கார் பராமரிப்பு என்றதும் பலரும் எந்த பாலிஷ் நல்லது, செராமிக் போடலாமா, எவ்வளவு ஆகும் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் வாளியிலும் துணியிலும் ஆரம்பிக்கச் சொல்வேன். கழுவும் முறை சரியாகிவிட்டால் பாலிஷுக்கான தேவையே பாதிக்கு மேல் குறைந்துவிடும். அது ஏன் என்று புரிய, காரின் தகரத்துக்கு மேலே என்னதான் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

தகரத்துக்கு மேலே

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கத்து ஆலைகள் ஆகட்டும், வேறு எந்த நாட்டு ஆலை ஆகட்டும், பெயின்ட் வேலையின் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். சுத்தம் செய்த உலோக உடலை முதலில் ஒரு பெரிய தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, துருவைத் தடுக்கும் ஒரு படலத்தை ஏற்றுகிறார்கள். அதன் மேல் பிரைமர். அதற்கு மேல் நிறத்தைத் தரும் பேஸ் கோட். கடைசியாக, நிறமே இல்லாத, கண்ணாடி மாதிரித் தெளிவான கிளியர் கோட். இதை 130, 140 டிகிரி வெப்பத்தில் அடுப்பில் சுட்டுக் கெட்டிப்படுத்துகிறார்கள்.

இத்தனை அடுக்கும் சேர்ந்தே பல கார்களில் 100 முதல் 140 மைக்ரான் வரைதான் வரும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாளின் கனமே சுமார் 100 மைக்ரான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40 மைக்ரானை ஒட்டி இருக்கும். தலைமுடி ஒன்றைவிட மெல்லியது. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் நிறத்தை வெளுக்கச் செய்யாமல் தடுக்கும் பொருட்கள் இந்த அடுக்கில்தான் கலந்திருக்கின்றன. நாம் பளபளப்பு என்று சொல்வதும் இந்த அடுக்கின் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதைத்தான். பரப்பு சமமாக இருந்தால் ஒளி ஒரே திசையில் திரும்பும். அதில் எதிரில் இருக்கும் மரத்தின் கிளைகூடத் தெளிவாகத் தெரியும். கோடு கோடாகக் கிழிந்திருந்தால் ஒளி நாலா பக்கமும் சிதறும். நிறம் மங்கிய மாதிரித் தெரியும். உண்மையில் நிறம் மங்கியிருக்காது, மேலே இருக்கும் அடுக்குதான் கீறிப்போயிருக்கும்.

பத்துப் பன்னிரண்டு வருடம் வெயிலில் நின்ற கார்களின் கூரையிலும் பானெட்டிலும் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்த மாதிரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிளியர் கோட் செத்துப்போனதன் அடையாளம் அது. அதற்கு பாலிஷும் கிடையாது, வாக்ஸும் கிடையாது. தேய்த்துவிட்டு மறுபடி பெயின்ட் அடிப்பது ஒன்றே வழி. ஆகவே, கையில் இருக்கும் 40 மைக்ரானைச் சிக்கனமாகச் செலவழிப்பதுதான் வீட்டுப் பராமரிப்பின் மொத்த நோக்கமும்.

தினமும் துடைப்பதில் உள்ள சிக்கல்

நம் ஊரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடியற்காலையில் ஒருவர் வருவார். ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய துணி. பத்துக் கார்களை அதே தண்ணீரில், அதே துணியில் துடைத்துவிட்டுப் போவார். மாதச் சம்பளம். அவர்மீது குறை ஒன்றும் இல்லை. தினமும் கார் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கேட்டது நாம்.

சாலைப் புழுதியில் பெரும்பகுதி மணல் துகள். மணலில் இருப்பது குவார்ட்ஸ். தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 7. சாதாரண இரும்பு ஆணியைவிடக் கடினம். கிளியர் கோட் என்பதோ பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்த ஒரு ரெசின். புழுதி படிந்த பானெட்டில் ஈரத் துணியை வைத்து இழுத்தால், துணி அந்தத் துகள்களைப் பிடித்துக்கொண்டு அப்படியே தேய்த்துக்கொண்டு போகும். அந்த நேரத்துக்கு அந்தத் துணி உப்புத்தாள்தான். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. தினமும் நடந்தால் இரண்டு வருடத்தில் காரின் மேனி முழுக்க அந்த வட்டக் கோடுகள் வந்துவிடும். நீளக் கைப்பிடி போட்ட தூசி தட்டும் பிரஷ்ஷும் இதே வேலையைத்தான் செய்கிறது. புழுதியோடு இருக்கும் காரின் மேல் கவர் போட்டு மூடுவதும் அப்படித்தான். காற்றில் கவர் ஆடும் ஒவ்வொரு முறையும் அடியில் இருக்கும் மணல் தேய்க்கும். கவர் போட்டே ஆகவேண்டும் என்றால் கழுவிய காருக்குப் போடுங்கள்.

காலையில் வருபவரிடம் சொல்வதும் கடினமில்லை: "அண்ணே, தினமும் கண்ணாடி மட்டும் தொடைச்சா போதும். ஞாயித்துக்கிழமை நல்லா தண்ணி ஊத்திக் கழுவிடலாம்." சம்பளத்தைக் குறைக்காமல், நல்ல மைக்ரோஃபைபர் துணி நாலைந்தை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை. காரில் புழுதி படிந்திருப்பதால் பெயின்ட்டுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. அதைத் தண்ணீர் ஊற்றிப் போக்காமல் தேய்ப்பதுதான் கெடுதல்.

கழுவும் முறை

வெயிலில் கழுவாதீர்கள். அதிகாலையோ, வெயில் தாழ்ந்த பிறகோ, நிழலில். புறங்கையைப் பானெட்டில் வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறட்டும். சூடான தகரத்தில் ஷாம்பு தண்ணீர் நிமிடத்தில் காய்ந்து திட்டுத் திட்டாகப் படிந்துவிடும்.

முதலில் சக்கரங்கள். பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் துகளும் சாலைத் தாரும் அங்கேதான் அதிகம். அதற்கென்று தனி வாளி, தனி பிரஷ், தனி துணி. அவற்றை மறந்தும் காரின் உடலில் வைக்கக் கூடாது.

அடுத்து, கையே வைக்காமல் தண்ணீரை மட்டும் அடிக்க வேண்டும். குழாயின் முனையைப் பெருவிரலால் அழுத்திப் பீய்ச்சினாலே போதும். பிரஷர் வாஷர் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் முனையை ஓரடிக்கு மேல் தள்ளியே பிடியுங்கள். கூரையிலிருந்து கீழே வாருங்கள். இந்தக் கட்டத்தில் அவசரப்படாமல் இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகச் செலவிட்டால் நல்லது. தண்ணீரோடு போய்விடும் ஒவ்வொரு துகளும் பிறகு துணியில் சிக்காத துகள். வீல் ஆர்ச் உள்பக்கம், பம்பர் அடிப்பக்கம், கதவுகளின் கீழ்ப்பகுதி ஆகியவற்றில் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். அங்கே ஊறவிட்டு இரண்டாவது முறை அடியுங்கள்.

இப்போது இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், புட்டியில் போட்டிருக்கும் அளவுப்படி. இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணிக்குப் பதிலாக, கையுறை வடிவில் மைக்ரோஃபைபர் வாஷ் மிட் என்று விற்கிறார்கள். அதன் நீண்ட இழைகளுக்கு நடுவே துகள் உள்ளே போய்விடும், பெயின்ட்டில் நேரடியாக உரசாது. மிட்டை ஷாம்பு வாளியில் முக்கி, ஒரு பகுதியைத் தேய்த்ததும், வெறும் தண்ணீர் வாளியில் அலசிப் பிழிந்துவிட்டு, பிறகு மறுபடி ஷாம்புவில் முக்க வேண்டும். பாதிக் கார் முடிந்தபின் அந்த அலசும் வாளியின் அடியில் விரலை விட்டுப் பாருங்கள். நறநறவென்று மண் தட்டுப்படும். ஒற்றை வாளியில் கழுவியிருந்தால் அது அத்தனையும் திரும்பக் காருக்கே போயிருக்கும். இரண்டாவது வாளி எதற்கு என்று யாரும் அதன்பிறகு கேட்க மாட்டார்கள்.

வரிசை எப்போதும் மேலிருந்து கீழ்: கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவுகளின் மேல்பாதி, கீழ்பாதி, கடைசியாக பம்பர்கள். அழுத்தம் வேண்டாம், மிட்டின் எடையே போதும். வட்டமாகச் சுழற்றாமல் நேர்கோட்டில் இழுங்கள். ஏதாவது கீறல் விழுந்தாலும் நேர்க்கோடு ஒரு கோணத்தில் பார்த்தால்தான் தெரியும். வட்டக் கோடு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும். மிட் கீழே விழுந்துவிட்டால் அன்றைக்கு அதை ஓரமாக வைத்துவிடுங்கள். ஒரு சிறு கல் போதும்.

பாத்திரம் துலக்கும் திரவத்தைப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கை வெட்டுவதற்காகச் செய்தது அது. ஒரு முறை போட்டால் பெயின்ட் ஒன்றும் உருகிவிடாது, ஆனால் மேலே நீங்கள் பூசியிருக்கும் வாக்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடும். துணி துவைக்கும் பவுடர் அதைவிடக் காரத்தன்மை உள்ளது. சரியாகக் கரையாத துகள்களும் இருக்கும். அதை வேண்டவே வேண்டாம் என்பேன். கார் ஷாம்பு மிட்டை வழுக்கிக்கொண்டு போகச் செய்யும், அதற்காகவே அதை வாங்கலாம். ஒரு சிறு புட்டி மாதக்கணக்கில் வரும்.

போர் தண்ணீர்

சென்னை, திருப்பூர், ராமநாதபுரம் என்று எங்கே இருந்தாலும், கழுவப் பயன்படுவது பெரும்பாலும் போர் தண்ணீர்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைச் சொல்லும் டிடிஎஸ் எண் 1000-ஐத் தாண்டும் இடங்கள் நிறைய. இந்தத் தண்ணீர் காரிலேயே காய்ந்தால், நீர் ஆவியாகிவிடும். அதில் கரைந்திருந்த கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வளையமாகத் தங்கிவிடும். வாளியின் உள்பக்கம், கெய்சரின் குழாய் முனை எல்லாம் வெள்ளையாகப் படிவது இதே உப்புதான். வெயிலில் நாள்பட விட்டால் அந்த வளையம் கிளியர் கோட்டிலேயே தடம் பதித்துவிடும்.

ஆகவே நல்ல ஷாம்புவைவிட முக்கியம், கழுவிய உடனே துவட்டுவது. கடைசியாக ஒருமுறை, குழாய் முனையை அழுத்தாமல் தண்ணீரை அப்படியே மேலிருந்து வழியவிடுங்கள். பாதி நீர் தானே சேர்ந்து வழிந்துவிடும். மிச்சத்தைப் பெரிய மைக்ரோஃபைபர் டவலை விரித்துப்போட்டு ஒற்றி எடுங்கள். கண்ணாடிச் சட்டம், பக்கவாட்டு மிரர், பெட்ரோல் மூடி, கதவு இடுக்கு ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் தண்ணீர் பத்து நிமிடம் கழித்து ஒழுகும். அதற்கென்று ஒரு சின்னத் துணி தனியாக இருக்கட்டும்.

ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீரைச் சேமித்துக் காரைக் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் ஆர்ஓ பிரித்தெடுத்த உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தத் தண்ணீரில்தான். மூலத் தண்ணீரைவிட அது கடினமானது. சக்கரத்துக்கும் முதல் அலசலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி அலசலுக்கு வேண்டாம். அதற்கு நேர்மாறாக, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரப்பதம் குளிர்ந்து வந்தது. உப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஒரு வாளி பிடித்து, துணியால் வடிகட்டி, கடைசி அலசலுக்கு ஊற்றிப் பாருங்கள். மழைநீரும் அப்படியே.

ஏற்கெனவே வளையம் விழுந்துவிட்டதா? வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவு கலந்து, நிழலில், துணியில் நனைத்து அந்த இடத்தில் ஓரிரு நிமிடம் வையுங்கள். காயவிடாமல் உடனே நிறையத் தண்ணீர் விட்டு ஷாம்பு போட்டுக் கழுவிவிடுங்கள். புதுக் கறை போய்விடும். போகாதது பெயின்ட்டுக்குள் இறங்கிய தடம். அது பாலிஷ் வேலை.

தண்ணீரே இல்லாதபோது? 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதை மறந்திருக்க மாட்டோம். 2024 மார்ச்சில் பெங்களூரின் குடிநீர் வாரியம், குடிநீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தது. இந்த மாதிரிக் காலத்துக்கு ரின்ஸ்லெஸ் வாஷ் என்ற திரவங்கள் இருக்கின்றன. ஒரு வாளியில் சிறிதளவு கலந்தால், அழுக்கைச் சுற்றிப் பிடித்து வழுக்கலாக்கும், அலச வேண்டியதில்லை. பெயர்பெற்ற ஒன்றில் 256 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு, அதாவது 10 லிட்டருக்கு ஏறக்குறைய 40 மில்லி. நாலைந்து மைக்ரோஃபைபர் துணிகளை அதில் ஊறவைத்து, ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்த பக்கத்துக்கு மடித்துக்கொண்டே போக வேண்டும். லேசான புழுதிக்கு மட்டும் இது சரி. சேறு அப்பியிருந்தால் முதலில் தண்ணீர் அடித்தே ஆக வேண்டும்.

உடனே கவனிக்க வேண்டியவை

பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. நம் வெயிலில் அடர்நிற பானெட் 70 டிகிரியைத் தொடும். கிளியர் கோட் சூட்டில் விரிந்து இளகும். இரவில் குளிரும்போது எச்சத்தைச் சுற்றி இறுகும். ஓரிரு நாளில் அந்த இடம் பள்ளமாகிவிடும். நனைத்த டிஷ்யூவை மேலே போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு அப்படியே தூக்கி எடுங்கள். சுரண்டவோ அழுத்தித் தேய்க்கவோ வேண்டாம். எச்சத்தில் விதையும் மணலும் இருக்கும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் விழும் பிசுபிசுப்புக்கும் இதே வைத்தியம், கூடவே துளி ஷாம்பு.

சாலையில் புதுத் தார் போட்டிருந்தால் கதவின் கீழ்ப்பக்கம் கறுப்புப் புள்ளிகள் ஒட்டும். தார் நீக்கி என்று தனியாகக் கிடைக்கிறது. துணியில் நனைத்து அரை நிமிடம் வைத்தால் கரையும். பிறகு அந்த இடத்தை ஷாம்புவால் கழுவ வேண்டும்.

ஆயுத பூஜை நம் கார்களுக்கு முக்கியமான நாள். பூஜைக்கு முன்தினம் கழுவி, வாக்ஸ் போட்டு வைத்துவிடுவது இரட்டிப்பு நல்லது. சந்தனத்தையும் குங்குமத்தையும் பானெட்டில் குழைத்து இடுவதைவிட, முன்கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டின் ஓரத்திலோ இட்டால் கறை பெயின்ட்டில் ஏறாது, பூஜைக்கும் குறைவில்லை. பானெட்டில்தான் இடுவது வழக்கம் என்றால் மறுநாளே கழுவிவிடுங்கள். வெள்ளைக் காரில் ஒரு வாரம் வெயிலில் காய்ந்த குங்குமத்தின் ரோஸ் நிறத் தடம் லேசில் போகாது.

பாலிஷ் எடுக்கிறது, வாக்ஸ் சேர்க்கிறது

புதிதாகத் தொடங்குபவர்கள் புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான வேறுபாடு இதுதான். பாலிஷ் திரவத்தில் மிக நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் இருக்கின்றன. அது கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றி மேடாக இருக்கும் கிளியர் கோட்டைச் சீவி, பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. கீறல் மறைகிறது, கூடவே அந்த 40 மைக்ரானில் ஒன்றிரண்டு போகிறது. ரப்பிங் காம்பவுண்ட் என்பது இன்னும் முரட்டுத் துகள்கள் கொண்டது. அது எடுப்பதும் அதிகம். வாக்ஸோ, அதன் செயற்கை வகையான சீலன்ட்டோ எதையும் எடுப்பதில்லை. மேலே ஒரு மெல்லிய படலமாக உட்காருகிறது. கடையில் வாங்கும்போது புட்டியைத் திருப்பி, தேய்ப்புத் துகள் உள்ளதா இல்லையா என்று பார்த்து வாங்குங்கள். 'பாலிஷ் வாக்ஸ்' என்று இரண்டையும் கலந்தும் விற்கிறார்கள்.

சர்வீஸுக்கு விடும் ஒவ்வொரு முறையும் பட்டியலில் 'ரப்பிங் பாலிஷ்' என்று ஒரு வரி சேர்ந்துவருவதை நான் விரும்புவதில்லை. வருடத்துக்கு இரண்டு முறை காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் ஐந்தாறு வருடத்தில் கிளியர் கோட்டில் கால் பங்குக்கு மேல் போய்விடலாம். அதிவேக ரோட்டரி இயந்திரத்தில் அவசரமாக அடித்தால் சூட்டில் பெயின்ட் கருகவும் செய்யும். வெயிலில் பார்த்தால் மேகம் போன்ற சுழல் தடமும் தெரியும். சில திரவங்களில் கீறலை எண்ணெய்ப் பொருளால் மூடிவிடும் சரக்கு இருக்கும். வாங்கிவந்த அன்று கார் ஜொலிக்கும், நாலு முறை கழுவியதும் பழைய கோடுகள் எல்லாம் திரும்பிவிடும்.

பாலிஷ் தேவையா என்று முடிவெடுக்க, மாலையில் செல்போன் டார்ச்சைப் பானெட்டின் மேல் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். கோடுகள் நிறையத் தெரிந்து, அது உங்களை உறுத்தினால் செய்யலாம். ஆழமான கீறலா என்று அறிய நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் தட்டினால் அது பாலிஷுக்குப் போகாது. போக்க முயன்றால் அந்த இடத்தில் கிளியர் கோட்டே மிஞ்சாது. டச்-அப் பெயின்ட் தொட்டுவைத்துத் துரு வராமல் காப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பாலிஷுக்கு முன் பரப்பு உண்மையிலேயே சுத்தமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கழுவித் துவட்டிய காரில், மெல்லிய பாலிதீன் பைக்குள் கையை விட்டு, விரல் நுனியால் பானெட்டை வருடுங்கள். வெறுங்கைக்கு வழவழப்பாக இருந்த இடம் பைக்குள்ளிருந்து சொரசொரப்பாகத் தெரியும். கழுவினாலும் போகாமல் பொதிந்திருக்கும் இரும்புத் துகள், பெயின்ட் துளி, தார்ப்பொடி எல்லாம் அவை. ரயில் நிலையத்தருகே தினமும் நிறுத்தும் வெள்ளைக் கார்களில் ஆரஞ்சு நிறப் புள்ளியாகக் கண்ணாலேயே பார்க்கலாம். இவற்றை எடுக்க கிளே பார் என்ற பிசையும் பதத்திலான கட்டி உதவும். ஷாம்பு தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, உள்ளங்கை அகலத்தில் தட்டையாக்கி, அழுத்தாமல் முன்னும் பின்னும் வழுக்கவிட வேண்டும். ஆரம்பத்தில் பரபரவென்று சத்தம் வரும். சத்தம் நின்றால் அந்த இடம் முடிந்தது. கட்டியை அடிக்கடி மடித்துப் பிசைந்து புதுப் பக்கத்தை வெளியே கொண்டுவாருங்கள். தரையில் விழுந்த கட்டியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும், வேறு வழியில்லை.

இனி பாலிஷ். ஒரு சாண் அகலச் சதுரத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள், இருப்பதிலேயே மென்மையான திரவத்தைக் கொண்டு. அதிலேயே திருப்தி என்றால் முரட்டுத் திரவம் தேவையில்லை. கையால் ஃபோம் பஞ்சில் தேய்த்தால் லேசான கோடுகள் குறையும். தோள் வலியும் வரும். அடிக்கடி செய்யப்போகிறீர்கள் என்றால் டூயல் ஆக்‌ஷன் இயந்திரம் வாங்கலாம். அதன் தட்டு சுழல்வதோடு தள்ளாடவும் செய்வதால் ஒரே இடத்தில் சூடு சேராது. புதியவர் கைக்கு ரோட்டரியைவிட மிகவும் பாதுகாப்பானது. கதவு ஓரம், பானெட்டின் மடிப்புக்கோடு ஆகியவற்றில் பெயின்ட் மெல்லியதாக இருக்கும். அங்கே இயந்திரத்தை நிறுத்தாதீர்கள். கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். வாக்ஸும் பாலிஷும் அதில் பட்டுக் காய்ந்தால் வெள்ளையாகப் படிந்து எரிச்சலூட்டும்.

பழைய அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அசல் பெயின்ட் என்றால் அவற்றில் தனிக் கிளியர் கோட் இருக்காது. துணியில் காரின் நிறமே ஏறும். பயப்பட வேண்டாம், ஆனால் தேய்வது நிறமேதான் என்பது நினைவிருக்கட்டும். பளபளப்பே இல்லாத மேட் ஃபினிஷ் கார்களுக்கு பாலிஷும் சாதாரண வாக்ஸும் கூடவே கூடாது.

மேலே என்ன பூசலாம்?

கார்னோபா வாக்ஸ், பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுப்பது. உருகுநிலை 80 டிகிரியைத் தாண்டும், இயற்கை மெழுகுகளிலேயே கெட்டியானது. ஆழமான மினுமினுப்புத் தரும். ஆனால் நம் வெயிலில், தெருவில் நிற்கும் காருக்கு ஒன்றரை இரண்டு மாதம் தாங்கினால் பெரிது. பாலிமரில் செய்த சீலன்ட் நாலைந்து மாதம் வரும். ஸ்ப்ரே வடிவில் சிலிக்கா கலந்து வரும் 'செராமிக் ஸ்ப்ரே'க்கள் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு மிக எளியவை: கழுவித் துவட்டிய காரில் தெளி, ஒரு துணியால் பரப்பு, இன்னொரு துணியால் துடை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தாலே பெரும்பாலான கார்களுக்குப் போதும் என்பது என் கருத்து.

எதைப் பூசினாலும் மிக மெல்லியதாகப் பூசுங்கள். கெட்டியாகப் பூசினால் கூடுதல் பாதுகாப்பு கிடையாது. துடைத்தெடுக்கும் வேலைதான் கூடும். துணியை நாலாக மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும், ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொள்ளுங்கள்.

பணம் கொடுத்துப் போடும் செராமிக் கோட்டிங் இதைவிட நீண்டகாலம் உழைக்கும், உண்மை. ஆனால் அதன் கனமும் ஓரிரண்டு மைக்ரான்தான்; கல் தெறித்தால் தாங்காது. '9எச் கடினம்' என்று விளம்பரங்களில் வரும் எண், பென்சில் நுனியால் கீறிப்பார்க்கும் சோதனையின் எண். வைரத்தை 10 என்று வைக்கும் மோஸ் அளவுகோலோடு அதற்குத் தொடர்பில்லை. ஆக, செராமிக் போட்ட காரையும் புழுதியோடு துடைத்தால் கீறல் விழத்தான் செய்யும். பூசுமுன் பெயின்ட்டை பாலிஷ் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் கோடுகளும் சேர்ந்து நிலைத்துவிடும். வீட்டில் நீங்களே முழு செராமிக் போட நினைத்தால், நம் ஊர்ச் சூட்டில் அது நொடிகளில் இறுகத் தொடங்கும் என்பதை மனதில் வையுங்கள். சிறு சிறு பகுதியாகச் செய்யவில்லை என்றால் திட்டுத் திட்டாக நின்றுவிடும், பிறகு பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

'டெஃப்லான் கோட்டிங்' என்று ஷோரூமில் கேட்டால் ஒரு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கும் அந்தப் பொருளின் உருகுநிலை 327 டிகிரி. அதை உலோகத்தில் பிடிக்கவைக்க அந்த அளவு சூடு வேண்டும். காரில் கையால் பூசித் துடைக்கும்போது அது நடப்பதில்லை. கிடைப்பது ஒரு நல்ல சீலன்ட்டின் பலன். சீலன்ட்டின் விலையைக் கொடுக்கலாம், அதற்குமேல் கொடுக்கத் தேவையில்லை. கல் தெறிப்பைத் தாங்குவது பிபிஎஃப் எனப்படும் தடித்த பாலியூரித்தேன் படலம் ஒன்றுதான். விலை அதிகம். நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் காருக்கு முன் பம்பரிலும் பானெட்டிலும் மட்டும் ஒட்டிக்கொள்வது நியாயமான செலவு.

படலம் இன்னும் இருக்கிறதா என்று தண்ணீரைத் தெளித்துப் பார்த்தால் தெரியும். உருண்டு உருண்டு ஓடினால் இருக்கிறது. பரந்து ஒட்டிக்கொண்டு நின்றால் மறுபடி பூச வேண்டிய நேரம். அதே சமயம், உருண்டைகள் அப்படியே வெயிலில் காய்ந்தால் ஒவ்வொன்றும் ஒரு வளையமாகும். வாக்ஸ் போட்டாகிவிட்டது, இனித் துவட்ட வேண்டாம் என்ற எண்ணம் போர் தண்ணீருக்குச் சரிவராது.

பட்டறையில் ஒரு கதவுக்கு மட்டும் புதிதாக பெயின்ட் அடித்திருந்தால், அங்கே வாக்ஸோ கோட்டிங்கோ போட அவசரப்படாதீர்கள். ஆலையில் உள்ள சூடு பட்டறை பூத்தில் கிடையாது. 60, 80 டிகிரியில் உலர்த்துவார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை. கரைப்பான் முழுக்க ஆவியாகிப் போக ஒரு மாதமாவது விட்டுவைப்பது வழக்கம். அதுவரை தண்ணீரும் ஷாம்புவும் மட்டும்.

மைக்ரோஃபைபர் துணிகளைப் பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும், தனியாகத் துவையுங்கள். கம்ஃபர்ட் வகைத் திரவங்கள் இழைகளின் மேல் படிந்து தண்ணீர் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும், ப்ளீச் இழையையே கெடுக்கும். நிழலில் உலர்த்தி, புழுதி படாமல் ஒரு மூடிய டப்பாவில் போட்டுவையுங்கள். உடலுக்கு ஒரு நிறம், சக்கரத்துக்கு ஒரு நிறம், கண்ணாடிக்கு ஒரு நிறம் என்று பிரித்து வாங்கிவிட்டால், வீட்டில் யார் காரைக் கழுவினாலும் துணி மாறிப்போகாது. ஓரத்தில் தைத்திருக்கும் சின்ன லேபிளை முதல் நாளே கத்தரித்துவிடுங்கள். அதுவும் பெயின்ட்டைக் கீறும்.